புல் அசைகிற இடம்

மொம்பாசா நெடுஞ்சாலையில், வோய் ஊருக்கு வெளியே
ஒரு பெட்ரோல் பங்க்கில் இரவுக் காவல் எனக்கு.
வெள்ளம் பாலத்தை மூடிய அன்று
பதினேழு லாரி ஓட்டுநர்கள்
வகேஷோவின் தேநீர்க் கடையில் அடைந்துகிடந்தார்கள்.
அலமாரியில் துழாவி ஒரு பழைய வட்டைப் போட்டாள்.
ஆள்தின்னிச் சிங்கங்களின் படம்.

முப்பது வருஷம் கழித்து
மறுபடியும் பார்க்கிறேன் என் சாவை.

பதினோராவது நிமிடம்.
கற்றாழைநார்த் தோட்டத்தில் கூடாரம்,
வரிசையாகத் தூங்கும் வேலையாட்கள்.
கடைசியில் ஒருவன், கால் வெளியே நீட்டியபடி.
அந்தக் கால் நான்.
இடது பாதம், சுண்டுவிரல் கொஞ்சம் கோணல்.
முகத்துக்குத் தனிக் கூலி என்பதால்
முகம் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

சிங்கம் கப்பலில் வந்தது.
கடைவாய்ப் பல் இரண்டு கிடையாது அதற்கு.
மதியத்துக்கு மேல் வேலை செய்யாது.
நாளுக்கு ஆறு கோழி, பால், கூடவே ஒரு மருத்துவர்.
எங்களுக்கு உகாலியும் அவரையும்.
என்னை இருட்டுக்குள் இழுத்துப்போனதும் அதுவல்ல,
கணுக்காலில் ஒரு கயிறு,
கயிற்றின் மறுமுனையில் மூன்று பேர்.
கத்து என்றார்கள், தொண்டை கிழியக் கத்தினேன்.
படத்தில் கேட்பது வேறு யாருடைய அலறலோ.

“காலை உள்ளே இழுடா மடையா!”
கிசுமுக்காரர் ஒமோலோ திரையைத் திட்டினார்.
நல்ல புத்திமதி.
கொஞ்சம் தாமதம்.

பிறகு அந்தப் புல்.
படம் முழுக்க மறந்தவர்களுக்கும் மறக்காத இடம்.
இசை நின்றுவிடும்.
இடுப்பளவு மஞ்சள் புல், காற்றே இல்லை.
ஓரிடத்தில் மட்டும் அசையும்.
நிற்கும்.
இன்னும் கிட்டத்தில் அசையும்.
கடையில் கோப்பை வைக்கும் சத்தம்கூட இல்லை.

அங்கே சிங்கம் இல்லை.
அங்கே ம்வாச்சோஃபி குப்புறப் படுத்திருக்கிறான்.
சிவப்புக் கால்சட்டை தெரிகிறதென்று
திட்டிவிட்டுச் சேறு பூசியிருக்கிறார்கள்.
தூண்டில் நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு
புல்லை இழுத்து இழுத்து விடுகிறான்.
எறும்பு கடித்தாலும் அசையாதே என்று உத்தரவு.
இரண்டாம் அசைவை உற்றுப் பாருங்கள்,
லேசாகக் குலுங்கும்.
சிரிப்பை அடக்க முடியவில்லை அவனால்.
அந்தக் குலுங்கலுக்குத்தான்
எத்தனையோ ஊர்களில் ஜனம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டது.

அவனைச் சிங்கம் தொடவில்லை.
ஒன்பது வருஷம் முன்பு, இதே சாலையில்,
விளக்கில்லாத ஒரு லாரி.
நிற்கவில்லை.
விடிந்த பிறகு ஒற்றைச் செருப்பை நான்தான் எடுத்துவந்தேன்.
யாரும் பரண் கட்டவில்லை,
துப்பாக்கியோடு ஏறி உட்கார்ந்து
பழிவாங்கக் காத்திருக்கவில்லை.

இந்தப் பதினேழு பேரும் நல்லவர்கள்.
அவனும் நல்லவனாகத்தான் இருந்திருப்பான்,
தூக்கம் வந்தவன்.

நிஜச் சிங்கம் ஒன்றைப் போன வறட்சியில் பார்த்தேன்.
இரவு மூன்று மணி, பங்க்கின் ஒழுகும் குழாயடி.
விலா எலும்பை எண்ணலாம்.
நக்கி முடித்து, என்னைப் பார்த்தது,
வேலைக்கு ஆகாதவன் என்று நினைத்திருக்கும்.
சாலை ஓரம் போய் நின்று
இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்தது.

“வகேஷோ, கொஞ்சம் பின்னால் ஓட்டு.”
“எங்கே?”
“புல்லுக்கு.”
ஐயோ வேண்டாம் என்றார்கள் ஓட்டுநர்கள்.
அவள் ஏன் என்று கேட்கவில்லை.
மூன்று தடவை ஓட்டினாள்.
மூன்று தடவையும் அவர்கள் பயந்தார்கள்,
மூன்று தடவையும் அவன் சிரித்தான்.

சிங்கத்தைக் கொன்றார்களா என்று பார்க்கவில்லை,
மழை விட்டிருந்தது.
கைவிளக்கை எடுத்துக்கொண்டு
லாரி லாரியாகப் போய் விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன்.
மூன்றில் எரியவில்லை.
அதில் ஒன்று ஒமோலோவுடையது.
முணுமுணுத்துக்கொண்டே பல்பு மாற்றினார்,
நான் வெளிச்சம் பிடித்தேன்.
“உனக்கென்னப்பா இவ்வளவு அக்கறை?”

சாலையோரப் புல் முழுக்க
ஈரக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.
“காலைப் பார்த்து இறங்குங்கள், வழுக்கும்” என்றேன்.